மென்டோசா: மலிவு ஒயினும் மலைத் தண்ணீரும்

கையில் காசு குறைவு, ஆனால் திராட்சைத் தோட்டமும் பார்க்க வேண்டும், பனிமலையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஊர் அர்ஜென்டினாவின் மென்டோசா. மேற்கே ஆண்டீஸ் மலை. 6,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த அகோன்காகுவா சிகரம் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. பக்கத்து ஊரான மைப்பூவில் வாடகை சைக்கிளிலேயே ஒயின் ஆலைகளைச் சுற்றி வரலாம். மால்பெக் ஒயினும் சல்லிசு. வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த 'சல்லிசு' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2002 வரை ஒரு பெசோவுக்கு ஒரு டாலர். அந்த ஆண்டு பெசோ சரிந்து, ஒரு டாலருக்கு மூன்று பெசோவுக்கு மேல் கிடைத்தது. டாலரோடு வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். வங்கியில் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் உள்ளூர்க்காரர்களுக்குத் திண்டாட்டம்! அந்த மலிவும் நிலையானதல்ல. 2024இல் டாலர் கணக்கில் விலைகள் ஏறி, அர்ஜென்டினாவா, மலிவா என்று கேட்கும் நிலை வந்தது. ஆக, மலிவு என்பது ஊரின் குணமல்ல, நாணயத்தின் நோய்.

ஊரின் உண்மையான சொத்து வேறு. அது தெருவோரத்திலேயே ஓடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும் வறண்ட பூமி இது. மலையில் உருகும் பனி ஆறாகி, அசேக்கியா எனப்படும் வாய்க்கால்களில் பிரிந்து, தோட்டங்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் போகிறது. 1561இல் ஸ்பானியர்கள் வந்து நகரம் அமைப்பதற்கு முன்பே உவார்ப்பே பழங்குடியினர் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். 1861 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்து, அகலமான தெருக்களோடு மீண்டும் கட்டப்பட்ட பிறகும் வாய்க்கால்கள் தொடர்ந்தன. பராக்குப் பார்த்து நடந்தால் கால் உள்ளே போய்விடும், அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீருக்காக அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கங்களில் சயனைடு போன்ற நச்சுப் பொருட்களைப் பயன்படுத்த மாகாணம் 2007இல் தடை விதித்திருந்தது. 2019 டிசம்பரில் சட்டமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் திருத்தம் ரத்தானது. சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. கடனில் தவிக்கும் நாட்டில் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் வேலைக்கு வேறு வழி தேடலாம், ஆற்றுக்கு எங்கே போவது? 2010 முதல் ஆண்டீஸின் இந்தப் பகுதியில் பனிப்பொழிவு குறைந்து நீண்ட வறட்சி வேறு வாட்டியிருக்கிறது.

மென்டோசாவுக்குப் போகிறவர்கள் தாராளமாக மால்பெக் குடிக்கட்டும். விலை எவ்வளவு குறைவு என்று ஊருக்குச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த வாய்க்காலையும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வரட்டும். அது வற்றினால் எந்த நாணயத்தைக் கொடுத்தாலும் அங்கே ஒயின் கிடைக்காது.