விளக்கடியில் ஒரு பெயரிலி

மலைநாட்டு ஓடைகளை அடுத்த வீடுகளில் இரவு விளக்கேற்றியதும் பழுப்பும் சாம்பலுமான சிறு பூச்சிகள் வந்து மொய்க்கும். அவை யாவற்றையும் விட்டில் என்ற ஒரு சொல்லால் வழங்கி அமைகின்றோம். அவற்றுட் பல விட்டில் அல்ல. வேறொரு வருணத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்திற் கடிஸ் ஈ எனப்படும் அவற்றுக்குத் தமிழில் ஊன்றிய பெயர் இல்லை. பெயர் அறியாத மாணவன் கண்டும் காணாதவனாகின்றான் என்பதே எமது முறைப்பாடு.

பண்டிதனுக்குப் பூச்சியோடு என்ன தொழில் என்பார்க்கு ஒரு சொல். தும்பியையும் நண்டையும் நாலறிவுயிர் என வகுத்த மரபியல் தொல்காப்பியத்தின் பகுதியே அன்றோ?

விட்டிலும் வண்ணத்துப்பூச்சியும் அடங்கும் வருணம் இலெப்பிடொப்தெரா. கடிஸ் ஈயின் வருணம் திரைக்கொப்தெரா. முன்னது கிரேக்கத்திற் செதிற்சிறகு என்றும், பின்னது மயிர்ச்சிறகு என்றும் பொருள்படும். தலையாய வேற்றுமை பெயரிலேயே அடங்கியிருத்தல் காண்க. விட்டிலைத் தொட்டால் விரலில் மாப்போலப் படிவது செதில். கடிஸ் ஈயின் சிறகிலோ நுண்மயிர் படர்ந்திருக்கும். ஒரு கைவில்லை இருந்தாற் போதும், மாணவன் தானே தெளிவான். சிறகைக் கூரைபோல் மடித்திருத்தல் கடிஸ் ஈயின் இயல்பு எனினும், விட்டில்களுட் பலவும் அவ்வாறே இருத்தலின் அதனை மட்டும் நம்பலாகாது. உணர்கொம்பைப் பார்க்க. கடிஸ் ஈக்கு அது நூல்போல் நீண்டு முன்னோக்கி நிற்கும். பலவற்றில் உடலின் நீளத்தையும் விஞ்சும். பெரும்பாலான விட்டில்களுக்குரிய சுருண்ட உறிஞ்சுகுழல் இதற்கு இல்லை.

இரண்டும் நெருங்கிய உறவினவே. இரண்டன் குடம்பிகளும் வாயினின்று பட்டிழை விடுவன. கடிஸ் ஈயின் குடம்பி நன்னீரில் வாழ்ந்து, மணலையும் இலைத்துண்டையும் அவ்விழையால் ஒட்டிக் குழாய் வடிவான கூடு சமைத்து, அதனைச் சுமந்து திரியும். வேறு சில கூடு சுமவாது, கற்களிடையே வலை கட்டி, நீர் கொணரும் இரையைக் கொள்ளும். மாசுபட்ட நீரில் இவற்றுட் பல வாழா. ஆகலின் ஆற்றுநீரின் தூய்மையை ஆராய்வோர் இவற்றைத் தேடி எண்ணுகின்றனர்.

உலகில் 16,000க்கு மேற்பட்ட இனங்கள் உள. இலங்கையில் வாழ்வனபற்றிப் பெர்னான்ட் சிமிட் என்னும் சுவிஸ் அறிஞர் 1958இல் நூலளவான ஆய்வொன்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். நம் ஓடைப் பூச்சிகளைப் பிரெஞ்சிற் படிக்கலாம். தமிழில் அவற்றை அழைக்கவும் சொல் இல்லை!

நீர்விட்டில் என்றாலென்ன எனிற் பொருந்தாது. இது விட்டிலே அன்று. அன்றியும், நீரில் வளரும் குடம்பிகளையுடைய மெய்யான விட்டில்களும் சில உள. கூடுசுமப்பி எனின், வலை கட்டுவன புறத்தே நிற்கும். ஆகவே மயிர்ச்சிறகி என்பதே தக்கதென்பது எம் கருத்து. மலைநாட்டுத் தோட்ட மக்களிடையே இதற்கு ஏதேனும் பெயர் முன்னரே வழங்குமாயின், அங்குள்ள ஆசிரியர்கள் இப்பக்கத்துக்கு எழுதுக. எம் சொல்லை விலக்கி அதனையே கொள்வோம்.