சாட்சிக்கு மனிதர் போதும்

தை மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சுயமரியாதைத் திருமணம். ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. உறுதிமொழியை வாசித்தபோது பெண்ணின் கையில் தாள் நடுங்கியது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் கேட்டார்: "சாமிக்குப் பயப்படாதவன் நாளைக்கு இவளை விட்டுட்டுப் போக மாட்டான்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. கடவுள் மறுப்பாளரை உலகம் முழுக்க இப்படித்தான் கேட்கிறார்கள். அந்தத் தாளின் நடுக்கமே என் பதில். வந்திருந்த அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு அது. மீறினால் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பரிகாரம் செய்து கழித்துவிட முடியாது. ஜனநாயகத்துக்கும் இந்தப் பிடிமானம்தான்: ஆள்பவர் பதில் சொல்ல வேண்டியது மக்களுக்கு.

இந்த எளிய மணத்துக்குச் சட்டம் லேசில் இடம் தரவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுடைய வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணா அரசு கொண்டுவந்த 7-ஏ பிரிவு, பழைய மணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது. உற்றார் உறவினர் முன்னிலையில், புரிகிற மொழியில், இவரை ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். யாரும் கடவுளை மறுக்க வேண்டியதில்லை.

புதுச்சேரிக்கு இதில் இன்னும் பழைய கதை உண்டு. 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்து, புதுக் குடும்பப் பெயர் சூடி, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம். போனவர்கள் 'ரெனோன்சான்'. அவர்கள் நாத்திகர்கள் அல்லர், கிறிஸ்தவர்கள் பலர். ஆனால் பிறப்பைக் கேட்காமல் ஆளைப் பார்த்துப் பேச அரசால் முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

மறுப்பவருக்கும் கடமை உண்டு. அதே 1953இல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்தார். 1958இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தாலும், பகுத்தறிவுக்கு ஒத்ததோ இல்லையோ, பிறர் புனிதமாகக் கருதுவதற்குச் சட்டத்தின் காப்பு உண்டு என்று சொன்னது. பெரியாரைப் போற்றும் நான் இதையும் ஏற்கிறேன். லாஸ்பேட்டை மேடையில் ஆயா சுருக்குப்பையிலிருந்து விபூதி எடுத்தபோது, கருப்புச் சட்டைக்காரரான மாப்பிள்ளையின் அப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

அந்த வழிவிடல் மறுபக்கத்திலிருந்தும் வர வேண்டும். 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கடவுளை மறுத்து எழுதிவந்தவர். கைதானவர்கள் அவர் பிறந்த மதத்தையே சேர்ந்தவர்கள். மகன் இருந்த திராவிடர் விடுதலைக் கழகத்தில் தானும் சேரப்போவதாக அவருடைய அப்பா அறிவித்தார்.