ஜினகாஞ்சிக்கு வழி எது?

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் திருப்பருத்திக்குன்றத்துக்கு வழி கேட்டேன். "அங்கே என்ன இருக்கிறது?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். பட்டுக்கும் வரதராஜருக்கும் வழி சொல்லப் பழகிய ஊர். அவரைக் குறை கூற இயலாது.

வேகவதிக்கு அப்பாலுள்ள அச்சிற்றூரே ஜினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயில் பல்லவர் காலத்தில் தோன்றியது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக விரிகின்றன.

7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வியந்த பௌத்த மடங்கள் இன்றில்லை. காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த புத்தர் சிலையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. சமணக் காஞ்சியோ இன்னும் நிற்கிறது. ஆயினும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே திரும்புவதில்லை. சமணம் வடநாட்டு வணிகரின் சமயம் என்னும் தவறான எண்ணமே இதற்கு வேர் என்பேன். வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் உழுது வாழும் நயினார்கள் தமிழரே; சீவக சிந்தாமணியைத் தந்ததும் இச்சமயமே.

வழிகாட்டிப் பலகை வைப்பது எளிது. சாந்தின்மேல் தீட்டிய வண்ணமோ ஈரத்தைத் தாங்காது. அவ்வோவியங்களின் நிலையை ஆண்டுதோறும் ஆய்ந்து மக்களுக்கு அறிவிப்பதைத் தொல்லியல் துறை கடமையாகக் கொள்ளவேண்டும். பலகை அதற்குப் பிறகு வரட்டும்.