நாக்கு டூர்: கருப்பட்டிக்குள்ளே ஒரு புகை!



சிங்கிள் மால்ட்னு ஒரு விஸ்கி வகை. அதை ருசி பார்த்து மார்க் போடுறதுக்குன்னே வெளிநாட்டுல ஆட்கள் இருக்காங்க. கிளாஸை ஆட்டுவாங்க, மோந்து பார்ப்பாங்க, ஒரு வாய் வெச்சுட்டுக் கண்ணை மூடிப்பாங்க. அப்புறம், ‘முதல்ல தேன், பின்னாடி லேசான புகை, கடைசியில கொஞ்சம் உப்பு’னு பக்கம் பக்கமா எழுதுவாங்க.

அந்தப் புகை எங்கிருந்து வருது? ஸ்காட்லாந்துல சதுப்பு நிலத்தை வெட்டினா ‘பீட்’ கிடைக்கும். செடி கொடி மக்கி உருவான கறுப்பு மண். அதைக் காயவெச்சு எரிச்சு, முளைகட்டின பார்லியை அந்தச் சூட்டுல உலர்த்துவாங்க. புகை தானியத்துல ஏறிக்கும். காய்ச்சி வடிச்சு, மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா போட்டு வெச்சாலும் போகாது! பெங்களூரு ‘அம்ருத்’ கம்பெனி, நம்ம நாட்டு பார்லியோட புகை ஏறின ஸ்காட்லாந்து பார்லியைச் சேர்த்து ‘ஃப்யூஷன்’னு ஒரு விஸ்கி போட்டுச்சு. 2010-ம் வருஷ ‘விஸ்கி பைபிள்’ புத்தகம் அதுக்கு உலகத்துல 3-வது இடம் கொடுத்துச்சு.

வெயிட், வெயிட்! தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு மது விற்கக் கூடாதுங்கிறது சட்டம். இதைப் படிக்கிற பல பேர் அந்த லிஸ்ட்டுல வருவீங்க. ஸோ, பாட்டிலை மூடுங்க. அதே தேனும் புகையும் உப்பும் தாமிரபரணிப் பக்கமே கிடைக்குது. பேரு... கருப்பட்டி!

முதல் ரவுண்ட், பதநீர். பங்குனி, சித்திரைக் காலையில ரோட்டோரத்துல பனை ஓலைப் பட்டையில ஊத்திக் கொடுப்பாங்க. மூக்குப் பக்கம் கொண்டு போனா பச்சை ஓலை வாசம், கூடவே சுண்ணாம்பு வாசம். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில கட்டுவாங்க. இல்லேன்னா புளிச்சுக் கள்ளாயிடும். (கள்ளுக்குத் தமிழ்நாட்டுல 1987-ல இருந்து தடை.) வாயில இதமான இனிப்பு, அடிநாக்குல லேசான காரல். அந்தக் காரல் சுண்ணாம்போட வேலை.

ரெண்டாவது ரவுண்ட், கூப்பனி. பதநீரை விடிலியில பெரிய பாத்திரத்துல ஊத்தி மணிக்கணக்கா காய்ச்சுவாங்க. அடுப்புக்குக் காஞ்ச ஓலையும் மட்டையும் முள்ளும்தான். கிளறிக்கிட்டே இருக்கணும், பதம் தப்பினா அத்தனையும் வீண். பாகு திரண்டு வர்ற பக்குவம்தான் கூப்பனி. ஒரு சொட்டு நக்கிப் பாருங்க... பிசுபிசுன்னு நாக்கைப் பிடிச்சுக்கும். புகை ஏறினது இங்கேதான். பீட் இல்லை, பனையோட புகை!

மூணாவது ரவுண்ட், சிரட்டையில ஊத்தி இறுகின கருப்பட்டி. கடிக்காதீங்க. சின்னத் துண்டை நாக்குல வெச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க. சீனி மாதிரி பட்டுன்னு இனிக்காது. மெதுவா வரும். அப்புறம் லேசா தீஞ்ச ருசி. அடுத்து உப்பு. எல்லாம் கரைஞ்ச பிறகு தொண்டையில புகை நிக்கும். விஸ்கிக்காரங்க ‘ஃபினிஷ்’னு சொல்றாங்களே, அது இதுதான் பாஸ்! தேரிச் செம்மண் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு இதுல தனிப் பேரு. புவிசார் குறியீடே வாங்கியிருக்கு.

இப்போ சீரியஸ் மேட்டர். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8, 10 லிட்டர் பதநீர் வேணும். அதுக்குப் பனையேறி காலையிலயும் சாயங்காலமும் மரம் மரமா ஏறணும். கை வழுக்கினா உயிர் போகும். இவ்வளவு பாடுபட்டு வர்ற சரக்கு, சந்தையில சீனிப்பாகு கலந்த ‘கருப்பட்டி’யோட மோதணும். சீனி விலை கம்மி, மரம் ஏறவும் வேண்டாம். கலப்படக்காரன் சொல்ற விலைக்குப் பனையேறியால எப்படிக் கொடுக்க முடியும்?

2021 வேளாண் பட்ஜெட்டுல தமிழக அரசு 76 லட்சம் பனை விதை கொடுக்கிறதா அறிவிச்சுது. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும் சொல்லிச்சு. நல்ல விஷயம். மரம் இருக்கும்... ஏற ஆள்? பனையேறி வீட்டுப் பிள்ளைங்க உங்க கிளாஸ்லயே படிக்கலாம். ‘நீ போய் அப்பா தொழிலைப் பாரு’னு அவங்ககிட்ட சொல்ல நமக்கு ரைட்ஸ் கிடையாது. சீசன் முடிஞ்சா வருமானம் இல்லாத, விழுந்தா நாதியில்லாத வேலையை விட்டுட்டுப் படிக்க வர்றது தப்பே இல்லை. ஆனா, இன்னமும் ஏறுறவருக்கு நியாயமான விலை கிடைக்கணுமா, வேணாமா?

அது நம்ம நாக்குலதான் இருக்கு. நிஜக் கருப்பட்டியோட ருசி தெரிஞ்சவன்தான் டூப்ளிகேட்டைத் திருப்பிக் கொடுப்பான். ‘விலை கம்மியா இருக்கே’னு வாங்குறவன் கலப்படத்துக்குச் சம்பளம் கொடுக்கிறான்.

ஸோ, இந்த வாரம் ஹாஸ்டல்ல ஒரு டெஸ்ட்! மூணு கடையில மூணு துண்டு வாங்குங்க. பேப்பர்ல 1, 2, 3-னு நம்பர் போட்டு, ஃப்ரெண்டோட கண்ணைக் கட்டுங்க. இனிப்பு, உப்பு, புகை... மூணுக்கும் தனித்தனியா மார்க். வெறும் இனிப்பு மட்டும் சென்டம் வாங்கி, மத்த ரெண்டும் முட்டைன்னா... அந்தக் கடைக்கு டாட்டா!

ஜெயிச்ச துண்டை வீணாக்காதீங்க மக்கா. சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைங்க!