பனைமரத்தடியில் பால்

கத்திரி வெயில் ஒருவழியாக விடைபெற்றுக்கொண்டது. ஆனாலும் வெக்கை தணிந்தபாடில்லை. தெருக்குழாயடியில் விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மாம்பழ வண்டிக்காரர் கடைசிப் பழங்களைக் கூவிக் கூவி விற்கிறார். நுங்கு முற்றிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பணம் வேண்டும். அடகுக் கடை வாசலில் தாய்மார்கள் காத்து நிற்கிறார்கள். கோடையின் கடைசி நாட்கள் ஏழை வீட்டுக்கு எப்போதும் இப்படித்தான் வந்து போகின்றன.

நேற்று மாலை சங்க அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மில்லிலிருந்து வேலை நீக்கம் செய்யப்பட்ட பெரியவர் ஒருவர் வந்தார். தொழிலாளர் கோர்ட்டில் அவருக்கு நியாயம் கிடைத்தது. நிர்வாகம் ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. அன்று முதல் வாய்தாமேல் வாய்தா. மே மாதம் முழுவதும் கோடை விடுமுறை.

“கோர்ட்டு லீவு முடிஞ்சு எப்போ தொறக்குது அண்ணே?” என்று கேட்டார் அவர்.

பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “தொறந்து என்னா ஆவப்போவுது பெரியவரே? இன்னிக்குத் தீர்ப்பு சொல்றவரு நாளைக்கு எந்தக் கட்சியில நிப்பாரோ, எந்த ஊருக்குக் கவர்னரா போவாரோ, யாரு கண்டா?”

பெரியவர் பதைத்துப் போனார். “அப்பிடிச் சொல்லாதே தம்பி. அந்தக் கோர்ட்டை விட்டா எனக்கு வேற கதி ஏது?”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவேதான் இன்று நாட்டின் நீதி நின்று தவிக்கிறது. நீதிமன்றத்தை அவமதிப்பது நம் நோக்கமன்று. அதன் மதிப்பு குலையக்கூடாதே என்ற கவலைதான் இதை எழுதத் தூண்டுகிறது.

பழமொழி சொல்லும் பாடம்

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள்ளைக் குடித்ததாகத்தான் ஊர் சொல்லும் என்று நம் பாட்டன்மார் சொல்லிவைத்தார்கள். குடித்தது பாலா, கள்ளா என்று மொந்தையை மோந்து பார்க்க எவரும் வரமாட்டார்கள். நின்ற இடம்தான் கண்ணுக்குத் தெரியும்.

சாதாரண மனிதன் இதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். நீதிபதியால் முடியாது. அவரிடம் படை கிடையாது, கஜானா கிடையாது. தோற்றவனும் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறான் என்றால், “அவர் ஒருபக்கம் சாய்ந்தவரல்லர்” என்ற ஒரே நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் தீர்ப்பு வெறும் காகிதம்.

ஜூன் 12

ஜூன் 12 என்றால் தஞ்சை விவசாயிக்கு வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். 1975ஆம் ஆண்டு அதே ஜூன் 12 அன்று, அலகாபாத்தில் வேறொரு மதகு திறந்தது. 1971இல் ரேபரேலித் தொகுதியில் பிரதம மந்திரி இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். தேர்தல் வேலைக்கு அரசு ஊழியர்களைப் பயன்படுத்தினார் என்பது குற்றம். அந்த வழக்கில் பிரதமர் நேரில் வந்து சாட்சியம் அளித்தபோது, கோர்ட்டில் நீதிபதிக்கு மட்டுமே எழுந்து நிற்பது மரபு, சாட்சிக்கு எழவேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர் சின்ஹா.

மேல்முறையீடு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அங்கும் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி கோகலே டெலிபோனில் கூப்பிட்டு, நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றாராம். எதற்கு என்று கேட்டார் நீதிபதி. மேல்முறையீடு பற்றி என்று பதில் வந்தது. அதற்கு என்னைப் பார்க்கவேண்டியதில்லை, மனுவைக் கோர்ட்டு அலுவலகத்தில் தாக்கல் செய்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார். இதைக் கிருஷ்ணய்யரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 24 அன்று உத்தரவு வந்தது. இந்திரா பார்லிமெண்டுக்குப் போகலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் ஓட்டுப் போடக்கூடாது, சம்பளம் வாங்கக்கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிருஷ்ணய்யர் அரசியல் வாடை படாதவரா? இல்லை. 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர். நீதிபதியாகும் முன் ஒருவர் அரசியலில் இருந்தார் என்பது குற்றமாகாது. ஆசனத்தில் அமர்ந்தபின் மந்திரிக்குக் கதவைத் திறந்தாரா என்பதே கேள்வி. அவர் திறக்கவில்லை.

சிறைக்குள்ளிருந்து எழுந்த கேள்வி

நெருக்கடி நிலை என்றால் என்ன என்று தமிழ்நாட்டுத் தொண்டனுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1976 ஜனவரி 31 அன்று இங்கே கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் எத்தனை வீடுகளின் அடுப்பு அணைந்தது என்பதை அந்தத் தெருக்கள் இன்னும் மறக்கவில்லை. “காரணம் சொல்லாமல் என்னைப் பிடித்து அடைத்தால் நான் கோர்ட்டுக்குப் போகலாமா?” என்பதே அன்று சிறைகளுக்குள்ளிருந்து எழுந்த கேள்வி.

1976 ஏப்ரல் 28 அன்று சுப்ரீம் கோர்ட் பதில் சொன்னது. போக முடியாது என்றார்கள் நான்கு நீதிபதிகள். ஒரே ஒருவர், எச்.ஆர்.கன்னா, இதை ஏற்கமாட்டேன் என்று தனித் தீர்ப்பு எழுதினார். அதற்கு விலை என்ன? 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி மூப்புப்படி அவருக்கு வரவேண்டும். அவரைத் தாண்டி எம்.எச்.பேக் நியமிக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். அவர் எழுதியதே சரி என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொள்வதற்கு 2017 வரை ஆயிற்று.

அரசாங்கத்தின் கையில் இரண்டு பொருள்கள் உண்டு: ஒன்று சவுக்கு, மற்றொன்று சர்க்கரை. கன்னாவின்மேல் விழுந்தது சவுக்கு. சவுக்கடி வெளியே தெரிந்துவிடும். நாடு கூச்சல் போடும். சர்க்கரை தெரியாது. ஆகையால் அதுதான் கூடுதல் ஆபத்து.

சர்க்கரை விநியோகம்

இந்தச் சர்க்கரைக் கடை ஒரு கட்சிக்குச் சொந்தமானதன்று. பகருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தார், பிறகு ஹைக்கோர்ட் நீதிபதியானார், சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். பீகார் காங்கிரஸ் முதல் மந்திரி ஜகன்னாத் மிஸ்ரா சம்பந்தப்பட்ட வழக்கில் மந்திரிக்குச் சாதகமான தீர்ப்பில் பங்குகொண்டார். 1983இல் பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்து, அதே ஆண்டில் காங்கிரஸ் எம்.பி.யாக ராஜ்யசபைக்குப் போனார்.

எதிர்க்கட்சியாக இருந்தபோது பா.ஜ.க. இதைச் சரியாகவே கண்டித்தது. ஓய்வுக்குப் பிறகு கிடைக்கப்போகும் வேலை, ஓய்வுக்கு முன் எழுதும் தீர்ப்பைப் பாதிக்கிறது என்று 2012இல் பேசியவர் அருண் ஜேட்லி. ஆட்சிக்கு வந்ததும் என்ன ஆயிற்று? 2014 ஏப்ரலில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சதாசிவம், நம் தமிழ்நாட்டுக்காரர், அதே செப்டம்பரில் கேரளக் கவர்னரானார். ஓய்வுக்குப் பிந்தைய பதவி நீதித்துறையின் சுதந்திரத்தின்மேல் ஒரு வடு என்ற கருத்து இருக்கிறது என்று 2019 மார்ச்சில் விசாரணையின்போது குறிப்பிட்டவர் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய். அவர் அந்த நவம்பரில் ஓய்வுபெற்றார். 2020 மார்ச்சில் நியமன எம்.பி.யாக ராஜ்யசபையில் உட்கார்ந்தார். நடுவே ஓடியது நான்கே மாதம். அவருடன் அயோத்தி வழக்கில் அமர்ந்த அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வுபெற்று, பிப்ரவரியில் ஆந்திரக் கவர்னராக நியமிக்கப்பட்டார்.

இவர்கள் எழுதிய தீர்ப்பெல்லாம் விலைக்கு எழுதியது என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆதாரமின்றிச் சொல்வது பண்பும் அன்று. நாம் சொல்வது பனைமரத்தைப் பற்றி.

கல்கத்தாவைப் பாருங்கள். ஆசிரியர் நியமன ஊழலில் மம்தா அரசுக்கு எதிராகக் கடுமையான உத்தரவுகளைப் போட்டவர் நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய். 2024 மார்ச் 5 அன்று ராஜினாமா செய்தார். இரண்டே நாளில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். ஜூனில் தம்லுக் தொகுதி எம்.பி. ஆகிவிட்டார். அந்த ஊழல் பொய்யா? இல்லை. வேறு நீதிபதிகள் விசாரித்தார்கள். சுமார் 25,000 நியமனங்களை ரத்து செய்தது சரியே என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஏப்ரலில் சொன்னது. அப்படியானால் அவர் குடித்தது பாலாகவே இருக்கலாம். ஆனால் வேலை இழந்து தெருவில் நிற்கும் ஆசிரியன் எதை நம்புவான்? ஆளுங்கட்சி “கள், கள்” என்று கத்துவதற்கு வழி செய்து கொடுத்தவர் யார்? நல்ல தீர்ப்புக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிற காரியம் அல்லவா இது!

நம் முதுகையும் பார்ப்போம்

தோழர்களே, மற்றவர் முதுகைக் காட்டினால் போதாது. 1993 மே 10, 11. அதுவும் கத்திரி நாட்கள்தான். நீதிபதி வி.ராமசாமியை நீக்கக் கோரும் தீர்மானம் லோக்சபைக்கு வந்தது. சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்குத் தளவாடம் வாங்கியது முதலிய செலவுகளில் முறைகேடு என்று குற்றச்சாட்டு. விசாரித்த நீதிபதிகள் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாயின என்றது. ஓட்டெடுப்பில் ஆதரவு 196; எதிர்ப்பு ஒன்றுமில்லை; 205 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் விழுந்தது. “அவர் தமிழர் ஆயிற்றே” என்று பரிந்து பேசியவர்களும் அன்று உண்டு. 1999இல் அவர் சிவகாசித் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார்.

நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் பட்டாசு வெடித்து லட்டு கொடுக்கிறோம். பாதகமாக வந்தால் நீதிபதியின் ஜாதி என்ன, சொந்த ஊர் எது என்று விசாரிக்கிறோம். இது எந்தக் கட்சித் தொண்டன் செய்தாலும் தவறு. நம் தொண்டன் செய்தால் இரட்டிப்புத் தவறு. தீர்ப்பைத் திட்டலாம், காரணத்தோடு திட்டவேண்டும். நீதிபதி நின்ற இடத்தைச் சுட்டலாம். நம்மவருக்கும் அதே அளவுகோலை நீட்டவேண்டும்.

என்ன கேட்கிறோம்?

அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் ஜெனரல் ஓய்வுபெற்றபின் அரசாங்கத்தில் வேறு பதவி வகிக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவு தடுக்கிறது. யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தலைவருக்கும் தடை உண்டு. ரூபாய் அணாவைச் சரிபார்ப்பவருக்கு இருக்கும் கட்டுப்பாடு, மனிதனின் விடுதலையைச் சரிபார்ப்பவருக்கு இல்லை. ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி எந்தக் கோர்ட்டிலும் வக்கீலாக வாதாடக்கூடாதாம், கவர்னராகப் போகலாமாம்! அரசாங்க வேலையை இந்த நீதிபதிகள் ஏற்கக்கூடாது என்று சேதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் 1958லேயே சொல்லிவிட்டது. அன்று பிறந்த குழந்தை இன்று தாத்தாவாகியிருக்கும். சிபாரிசு மட்டும் அலமாரியில் தூங்குகிறது.

எல்லா வேலையும் ஒன்றல்ல என்பதும் நமக்குத் தெரியும். மனித உரிமைக் கமிஷன் போன்றவற்றுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிதான் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே அனுபவம் தேவை. ஆனால் யாரை அமர்த்துவது என்பது ஆளுங்கட்சியின் தயவாக இருக்கக்கூடாது. கவர்னர் மாளிகை, ராஜ்யசபை, கட்சி வேட்பாளர் பட்டியல்—இவற்றுக்கும் நீதி ஆசனத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும், சட்டமாகவே வேண்டும். தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மனச்சாட்சி முற்றிலும் வற்றிவிட்டது என்றும் சொல்லமாட்டோம். 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளின் சொத்து விவரங்கள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. அதே மாதம் 13ஆம் தேதி ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, இனி எந்த அரசுப் பதவியையும் ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அவர் யார் தெரியுமா? சவுக்கடி வாங்கிய அந்த எச்.ஆர்.கன்னாவின் தம்பிமார் வழிப் பிள்ளை என்று சொல்லும்படி, அவருடைய சகோதரர் மகன். வறண்ட குளத்திலும் எங்கோ ஊற்று இருக்கிறது.

பெரியவருக்கு நாம் என்ன பதில் சொன்னோம்? கோர்ட்டு திறக்கும் தேதியைச் சொன்னோம். வக்கீலைப் பார்க்க ஒரு தோழரை உடன் அனுப்புவதாகச் சொன்னோம். இளைஞரிடம், “தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதைத் திண்ணையில் பெரியவரிடம் கேட்காதே. ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் மேடையில் வைத்துக் கேள். நம் கட்சி வேட்பாளர் வந்தாலும் கேள்” என்றோம்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவேண்டுமாம். ஹைக்கோர்ட்டின் கதவு திறக்கும்போது அவர் அங்கே நிற்பார். உள்ளே இருப்பவர் எந்த மரத்தடியிலும் நிற்காதவர் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுக்கவேண்டியது நாட்டின் கடமை. அதுவரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியது நம் கடமை.