முதல் சிலந்தியை மரத்திலேயே விட்டுவிடுங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சிலந்தி என்றாலே உடம்பு கூசுபவர்களும் தாராளமாகப் படிக்கலாம். படம் எதுவும் போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் பதினொன்றாம் வகுப்பு. "சார், இவன் எட்டுக்கால் பூச்சி வாங்கி வளக்கணும்னு அடம் பிடிக்கறான். நீங்களே சொல்லுங்க" என்றார். பையன் நாலாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். போனில் யாரோ விற்கிறார்களாம். என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, மரத்துல வாழற டாரன்டுலால முதல்ல எது வாங்கலாம்?"

முப்பத்துநாலு வருடம் அறிவியல் நடத்தியவன் நான். கேள்வி கேட்ட பிள்ளையைத் திட்டி அனுப்பும் பழக்கம் இல்லை. அதனால் நேராகவே பதில் சொன்னேன்.

டாரன்டுலாக்களில் தரையில் வளை தோண்டி வாழ்பவை உண்டு, மரப்பொந்திலும் பட்டைக்கு அடியிலும் வாழ்பவையும் உண்டு. மரத்தில் வாழ்பவற்றுக்கு அகலமான பெட்டி பயன்படாது. உயரமான பெட்டி, நிற்க வைத்த மரப்பட்டை, நல்ல காற்றோட்டம் எல்லாம் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு வெளிநாடுகளில் பெரும்பாலும் சொல்வது தென்னமெரிக்காவின் அவிகுலேரியா வகையை. கால் நுனி இளஞ்சிவப்பாக இருக்கும், விஷம் லேசானது. ஆனால் காற்றில்லாத ஈரப்பெட்டியில் அடைத்தால் செத்துப்போகும்.

பையனுக்கு வந்திருந்த படமோ வேறு. அது பீசிலோதீரியா, நம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய இனம். மின்னல் வேகத்தில் ஓடும். கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும், அந்தப் பிடிப்பு சிலருக்கு நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். பெண் சிலந்தி பத்து வருடத்துக்கு மேலும் வாழும். "நீ காலேஜுக்கு ஹாஸ்டல் போயிட்டா யாருப்பா கரப்பான் பிடிச்சுப் போடறது, உங்க அம்மாவா?" என்று கேட்டேன். அம்மா பேச்சு வந்ததும் பையன் கொஞ்சம் யோசித்தான்.

அடுத்து நான் சொன்னது அவனுக்குத் தெரியாத விஷயம். நம்மில் பலருக்கும் தெரிந்திருக்காது.

1899-ல் போகாக் என்ற ஆங்கிலேயர் இந்த இனத்துச் சிலந்திகள் பலவற்றை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று பீசிலோதீரியா ரீகாலிஸ். விரித்த உள்ளங்கை அளவு இருக்கும், முன்னங்கால்களின் அடியில் பளீரென்ற மஞ்சள். அவர் கைக்குப் போன அந்த மாதிரி எந்த ஊரில் கிடைத்தது தெரியுமா? நம் அரக்கோணத்தில்! இன்னொன்று நீல நிறத்தில் மின்னும் பீசிலோதீரியா மெட்டாலிகா. அது கிடைத்தது ஆந்திராவில் கூத்தி ஊரின் ரயில்வே மரக்கிடங்கில். அரக்கோணத்திலிருந்து நம் திருத்தணி ஸ்டேஷன் வழியாக ரேணிகுண்டா, கடப்பா என்று போகும் அதே பம்பாய் லைனில் இருக்கிற ஊர். எங்கோ வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்கும் என்று கருதுகிறார்கள்.

அந்த நீலச் சிலந்தியை அதன் பிறகு நூறு வருடம் யாரும் காட்டில் பார்க்கவில்லை. 2001-ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். சில வருடங்களுக்குள் அது ஐரோப்பா, அமெரிக்க வளர்ப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. காட்டில் அதற்கு இருப்பது நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இடம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிராக 2008-ல் பட்டியலிட்டது. ராமேஸ்வரத்து ஹனுமவிலாசம் கோயிலின் பெயரையே சுமக்கும் பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவுக்கும் அதே நிலைதான். இரண்டுக்கும் முதல் எதிரி மரம் வெட்டுவது. அதற்கு மேல் பிடித்து விற்பவர்கள் வேறு.

அரக்கோணத்துச் சிலந்தி அந்த அளவு ஆபத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

பையன் சும்மா விடவில்லை. "தாத்தா, பெட்டியிலயே குஞ்சு பொரிச்சு விக்கறாங்களே, அதை வாங்கினா காட்டுக்கு என்ன நஷ்டம்?" என்றான். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் அப்படி ஏராளமாக வளர்க்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் போனில் படம் அனுப்பும் ஆளிடம் வாங்கும்போது அது பெட்டியில் பிறந்ததா, காட்டு மரத்தில் குச்சி விட்டு இழுத்ததா என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? அதற்கு வழி இல்லை. காகிதம் கேட்டால் அந்த ஆள் பதிலே போட மாட்டார்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் பீசிலோதீரியா இனம் முழுவதையும் சேர்த்தார்கள். 2022-ல் திருத்திய நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிமம் தேவை. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபால் பார்சலைச் சென்னை சுங்கத்துறை பிரித்தபோது, தெர்மாகோல் பெட்டிக்குள் 107 குப்பிகள், ஒவ்வொன்றிலும் உயிருள்ள சிலந்தி. உரிமம் இல்லை என்று வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். பஞ்சில் சுற்றிய அந்த 107 உயிர் போக வர எத்தனை நாள் பயணம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொல்கிற நான் யோக்கியனா? இல்லை. பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதன் பொந்திலிருந்து உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று வெளியே வந்தது. பிள்ளைகள் அலறினார்கள். அடிக்கச் சொன்னவன் நான்தான். பிறகு அதை ஃபார்மலினில் போட்டு, பாட்டிலில் "சிலந்தி" என்று மட்டும் எழுதி அலமாரியில் வைத்தேன். எந்த வகை, எந்த மரம், எந்தத் தேதி, எதுவும் எழுதவில்லை. அறிவியல் ஆசிரியர்! அது அரக்கோணத்துச் சிலந்தியா என்று இன்று சொல்ல முடியாமல் போனது என்னால்தான். அந்தப் புளியமரமும் இப்போது இல்லை.

அதனால் என் கருத்து இதுதான். மரத்தில் வாழும் முதல் சிலந்தியைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் பிள்ளை, முதலில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பொந்துள்ள பழைய புளி, வேம்பு, மா எதுவானாலும் சரி. இரவில் பெரியவர் ஒருவர் துணையோடு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். கை விட வேண்டாம், குச்சி விட வேண்டாம். தேதி, நேரம், மழை பெய்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதட்டும். சிலந்தி தென்படாமலே ஒரு மாதம் போகலாம். போகட்டும். இந்த வேலைக்கு நாலாயிரம் ரூபாய் தேவையில்லை, நல்ல டார்ச் ஒன்று போதும்.

பையன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பாக்கறேன் தாத்தா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். இந்தச் சனிக்கிழமை ராத்திரி என்னோடு ஒரு மரம் பார்க்க வருவதாக அவன் அப்பா போன் செய்தார்.

திருத்தணி, அரக்கோணம், நகரி பக்கம் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ கொல்லையிலோ பொந்துள்ள பழைய மரம் இருந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். எந்த இடம் என்று கீழே கமெண்டில் மட்டும் போடாதீர்கள். விற்பவர்களும் இதைப் படிப்பார்கள்.