கம்பம் சாய்ந்தாலும் எரிகிற விளக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்ளே வந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாதித்த மாவட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டை நம்பினால் இப்படித்தான், பரணில் ஓர் அரிக்கேன் விளக்கு இருக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் மழைக்காலம்தோறும் எழுகிறது. அதில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அரிக்கேன் எந்தக் கம்பியையும் நம்பி எரிவதில்லை. அதன் பெருமை அவ்வளவுதான். வெளிச்சம் என்று பார்த்தால் அது ஊதாரி. சற்றுப் பெரிய அரிக்கேன் மணிக்கு 20 மில்லி லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆக, அந்த விளக்கு எரிய 200 வாட் செலவாகிறது. கிடைப்பதோ 100 லுமெனைத் தொட்டாலே பெரிது. 9 வாட் எல்.இ.டி. பல்பு அதைப்போல எட்டு மடங்கு வெளிச்சம் தருகிறது. அரிக்கேனின் மிச்ச ஆற்றல் சூடாகவும் கரியாகவும் போகிறது. கண்ணாடிகூட இல்லாத காடா விளக்கின் கதை இன்னும் மோசம்: அது குடிக்கும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு வரை கரித்துகளாகிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கூரையில் படிந்தது போக மீதி, பக்கத்தில் படிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது.

சரி, அவசரத்துக்காவது ஒன்று இருக்கட்டுமே என்பார்கள். விளக்கு இருக்கும், எண்ணெய்க்கு எங்கே போவது? 2016-ல் தொடங்கிச் சிறுகச் சிறுக விலையை ஏற்றி, 2020-க்குள் ரேஷன் மண்ணெண்ணெய் மானியத்தை ஒன்றிய அரசு முற்றிலும் கழற்றிவிட்டது. இரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் குடும்ப அட்டைக்குத் தமிழ்நாட்டில் மண்ணெண்ணெய் கிடையாது. கம்பியைவிட்டு விலகி நின்ற விளக்கு கடைசியில் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்கிறது.

கம்பியை நம்பாத குணத்தை, கரியில்லாமல் வாங்க இப்போது வழி இருக்கிறது. 10 வாட்-மணி கொள்ளும் சிறிய பேட்டரி, 1 வாட் எல்.இ.டி.யை 10 மணி நேரம் எரிக்கும். அரிக்கேன் அளவு வெளிச்சம் வரும். கையகல சோலார் தகடு அதை நிரப்பும். புயலுக்கு மறுநாள் வெயில் ஏது என்ற கேள்வி நியாயமானது. மூட்டத்தில் மெதுவாகத்தான் ஏறும். அதனால்தான் முன்பே நிரப்பி வைக்க வேண்டும், அந்த நாட்களில் முழு வெளிச்சத்துக்கு ஆசைப்படக் கூடாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரிக்கேனுக்குத் திரியும் கண்ணாடியும் மாற்றினால் போதும், பேரனும் ஏற்றுவான்; பேட்டரி விளக்கோ சில வருடத்தில் செத்துக் குப்பைக்குப் போகிறது. இதை நான் மறுக்கவில்லை. 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு 5 சோலார் விளக்குகளும் கொடுத்தார்கள். யோசனை அருமை. ஆனால் பேட்டரி எந்த நாளும் உழைக்கும் பொருள் அல்ல. அதை மாற்ற ஊரில் ஆளும் உதிரியும் இல்லையென்றால் கூரைமேல் தகடு சும்மா வெயில் காயும். கோளாறு சூரியனிடத்தில் இல்லை, பழுது பார்ப்பதை யாருக்கும் வேலையாக வைக்காததில் இருக்கிறது. திருகாணியைக் கழற்றி பேட்டரி மாற்றக்கூடிய விளக்கை மட்டும்தான் அரசு வாங்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு குடிநீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி அலைந்த ஊராட்சிகளுக்கு முன்பே தயாராக இருப்பதன் அருமை புரியும். பருவமழைக்கு முன் மரம் அறுக்கும் இயந்திரத்தையும் மணல் மூட்டையையும் எண்ணிப் பார்க்கும் அதிகாரிகள், அந்தப் பட்டியலில் ஊராட்சிக்கு 50 விளக்கையும் அவற்றுக்கான மாற்று பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.